சிரித்தது அவர்தான்

பாட்டுக்காரரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிவிட்டால் பல்லழகிக்குச் சாப்பாடு இறங்காது. பல்லழகி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பல் செட் செய்யும் லேபில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறவள் என்பதால், இணையத்தில் அவள் நடத்திய ரசிகர் குழுவில் யாரோ வைத்தது. குழுவில் நாற்பதாயிரம் பேர். அத்தனை பேரும் அந்தப் பாடகரைப் பாட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள், ஏதோ பக்கத்து வீட்டு ஆளைச் சொல்வது போல.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். காலையில் காபியோடு வந்து நின்று, "உன் முதல் புருஷன் என்ன சொல்றாரு?" என்று கேட்பது அவன் வழக்கம். அவளும் சளைக்காமல், "ரெண்டாவது ஆளைச் சீக்கிரம் வேலைக்குக் கிளம்பச் சொல்றாரு" என்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் அதைக் கேட்கவில்லை. போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இதைப் பாத்தியா?"

படத்தில் பாட்டுக்காரர் காதில் ஹெட்போனோடு ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே காவலன். அந்தப் பெயரில் சானல் நடத்துகிற ஆளை எல்லோருக்கும் தெரியும். எல்லை தாண்டி வந்து குடியேறியவர்களைத் திட்டுவதுதான் அவன் பிழைப்பு. அவர்கள் வீட்டு வாசலைப் படம் பிடித்துப் போடுவான். அப்படிப் போட்டதில் ஒரு குடும்பம் இரண்டு குழந்தைகளோடு வீட்டைக் காலி செய்துகொண்டு போனது செய்தியிலேயே வந்தது.

"பொய்ப் படம்" என்றாள். "இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே ஆளைச் செஞ்சிடறாங்க."

"ரெண்டு மணி நேர வீடியோடி."

"ரெண்டு மணி நேரப் பொய்."

பஸ்ஸில் ஏறியதுமே குழுவில் எழுதினாள்: 'இது போலி. யாரும் பகிர வேண்டாம். பாட்டுக்காரரைப் பற்றி எனக்குத் தெரியும்.' பஸ் லேப் வாசலுக்கு வருவதற்குள் மூவாயிரம் பேர் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள். அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

லேபில் அவளுக்குப் பக்கத்து மேஜை பீங்கான் அண்ணனுடையது. பீங்கானில் பல் செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஊசி முனை போன்ற தூரிகையில் மாவைத் தொட்டுத் தொட்டு வைத்து உலையில் சுட்டு எடுத்தால், பெற்ற தாய்க்கே எது மகனின் சொந்தப் பல் என்று தெரியாது. அவரும் எல்லை தாண்டி வந்தவர்தான். ஒன்பது வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்ததாக ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். பாட்டுக்காரரின் பாட்டை அவள் முதன்முதலில் கேட்டது இந்த அண்ணனின் பழைய ரேடியோவில்தான்.

"அண்ணே, அந்த வீடியோ..."

"பாத்தேன்மா" என்றார் தூரிகையை விட்டு நிமிராமல். "வேலையைப் பாரு."

அவர் குரலில் இருந்தது கோபமா, வருத்தமா என்று பிடிபடவில்லை. மத்தியானம் ஒரு முதியவருக்கான கீழ்ப்பல் செட்டுக்கு மெழுகு செதுக்கிக்கொண்டே, ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு வீடியோவைப் போட்டாள். போலி என்று நிரூபிக்க ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றுதான் கேட்டாள்.

நாற்பத்தேழாவது நிமிஷத்தில் காவலன் சொன்னான்: "இவங்கல்லாம் சொத்தைப் பல்லு மாதிரி. ஒண்ணை விட்டு வெச்சா பக்கத்துப் பல்லும் போயிடும். பிடுங்கிடணும்."

பாட்டுக்காரர் சொன்னார்: "பிடுங்கும்போது கொஞ்சம் வலிக்கட்டுமே."

பிறகு சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்கு மனப்பாடம். ஒரு மேடைப் பதிவில், பாட்டு முடிந்து கைதட்டல் எழுவதற்குள், மூக்கிலிருந்து கிளம்பித் தொண்டையில் கரகரத்து அடங்கும் ஒரு சிரிப்பு. அதை மட்டும் வெட்டியெடுத்துத் தன் போன் மணியாகவே வைத்திருந்தாள். எந்தக் கம்ப்யூட்டராலும் அதைச் செய்ய முடியாது. கத்தி வழுக்கி, செதுக்கி வைத்த முன்பல் இரண்டும் உடைந்து மேஜையில் விழுந்தன. அவள் அதைப் பொறுக்கக்கூட இல்லை. திரும்பப் போட்டுக் கேட்டாள். மூன்றாவது தடவையும் அதே சிரிப்புதான்.

நாலு மணிக்குக் குழுவில் எழுதினாள்: 'காலையில் நான் சொன்னது தப்பு. மன்னியுங்கள். சிரித்தது அவர்தான்.'

அவ்வளவுதான், தேன்கூட்டில் கல் விழுந்தது. 'பாட்டு வேற, ஆள் வேற' என்று ஒரு கூட்டம். 'இனி அவர் பாட்டைக் கேட்டால் என் காதை நானே அறுத்துக்கொள்வேன்' என்று இன்னொரு கூட்டம். 'ஒரு பேட்டியில் சிரித்ததற்கு இவ்வளவா? வீட்டுக்கு வந்தவன் ஜோக் சொன்னால் நீ சிரிக்க மாட்டாயா?' 'அவர் வீட்டுக்குக் காவலன் வரவில்லை, இவர்தான் தேடிக்கொண்டு போயிருக்கிறார்.' ஒருத்தர், காவலன் போட்ட பழைய பதிவுகளில் பாட்டுக்காரர் வைத்திருந்த இதயங்களைத் தேடியெடுத்து வரிசையாகப் போட்டார். அதில் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போன பதிவும் இருந்தது. அதற்கும் ஒரு சிவப்பு இதயம்.

அந்த நேரத்தில்தான் பீங்கான் அண்ணன் குண்டைத் தூக்கிப் போட்டார். அவர் குழுவில் எழுதுவதே அபூர்வம். 'நானும் எல்லை தாண்டி வந்தவன்தான். நாங்கள் முறையாக வந்தோம், உழைத்தோம். இப்போது வருகிறவர்கள் அப்படி இல்லை. அவர் அவர்களைத்தான் சொல்கிறார், எங்களைச் சொல்லவில்லை. ஒரு நல்ல கலைஞனை இப்படிக் கிழிக்காதீர்கள்.'

அவள் பக்கத்து மேஜையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு உலையின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்களா இதை எழுதுனீங்க?"

"ஏன், எனக்குக் கருத்து இருக்கக்கூடாதா?"

"உங்களைத்தாண்ணே சொத்தைன்னு சொல்லிச் சிரிக்கிறாங்க!"

"என்னை இல்லை" என்றார் அழுத்தமாக. "இப்ப வர்ற ஆளுங்களை நீ பாத்திருக்கியா? எங்க தெருவுக்கு வந்து பாரு. அப்புறம் பேசு."

யாருக்காக மனம் பதறினாளோ அவரே எதிர்ப் பக்கத்தில் நின்றார்.

ஆனால் எதிர்ப் பக்கம் அவரைத் தன் பக்கமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எழுதியதில் முதல் வரியை மட்டும்தான் படித்தார்கள். 'ஓ, நீயும் அதுதானா?' என்று ஆரம்பித்தது. 'உனக்கு யார் வக்காலத்து வாங்கச் சொன்னது?' சுத்தியல் என்ற பெயரில் ஒருவன் எழுதினான்: 'முதலில் இந்தச் சொத்தையைப் பிடுங்கணும்.' அதற்கு இரண்டாயிரம் இதயம். ஒரு கச்சேரியில் அண்ணன் நின்றிருந்த படத்தைத் தேடியெடுத்து, முகத்தில் கறுப்புப் பல் வரைந்து போட்டார்கள். அவள் ஒன்றை அழித்தால் பத்து முளைத்தது. பதினொரு வருஷமாக 'பிறந்தநாள் வாழ்த்து அக்கா' என்று அவளுக்கு எழுதியவர்கள்தான் எல்லோரும்.

புதன்கிழமை அண்ணன் வேலைக்கு வரவில்லை. பதினாறு வருஷத்தில் அவர் சொல்லாமல் லீவு போட்டு அவள் பார்த்ததே இல்லை. போன் அடித்தாள், எடுக்கவில்லை.

பாட்டுக்காரரின் மேனேஜருக்கு எழுதினாள். மெனக்கெட்டு, திருத்தித் திருத்தி, கையெடுத்துக் கும்பிடாத குறையாக எழுதினாள். 'அவருடைய ரசிகர் ஒருவரை அவருடைய ரசிகர்களே அவமானப்படுத்துகிறார்கள். அவர் ஒரு வரி சொன்னால் நின்றுவிடும்.' வியாழக்கிழமை காலை பதில் வந்தது. 'உங்கள் அன்புக்கு நன்றி! இந்த வாரம் உங்கள் குழுவில் இதுவரை இல்லாத பரபரப்பு என்று பார்த்து மகிழ்ந்தோம். புதிய கச்சேரியின் அறிவிப்பை இணைத்திருக்கிறோம். இதே வேகத்தில் பகிர்ந்தால் நன்றாக இருக்கும்.'

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். கூத்தாடியிடமிருந்தே எழுத்தில் வரும் என்று நினைத்ததில்லை. புருஷனுக்குப் போன் போட்டாள். எங்கேயோ ஒரு லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு கேட்டான். அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை. "உனக்கு என்ன தோணுதோ செய்" என்றான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் தூசு படிந்த விரலோடு, குழுவை அழித்தாள். 'நிரந்தரமாக அழிக்கவா? திரும்பப் பெற முடியாது' என்று இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் ஆமாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை அண்ணன் வந்தார். முகம் வீங்கியிருந்தது. அவளுடைய மேஜைக்கு முன்னால் நேராக வந்து நின்றார்.

"யாரைக் கேட்டு மூடுன?"

அவர் நன்றி சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இதையும் எதிர்பார்க்கவில்லை. "உங்களைத்தானேண்ணே அசிங்கமா..."

"என்னைத் திட்டுனா நான் பாத்துக்கறேன். என் பொண்டாட்டி அதுல இருந்தா, தெரியுமா உனக்கு?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணி இறந்து மூன்று வருஷம் ஆயிற்று.

"அவ கடைசியா வந்த கச்சேரியில, கூட்டத்துல நின்னு பாடுனதை யாரோ எடுத்துப் போட்டிருந்தான். ஒரு நிமிஷம் கூட இருக்காது. அவ குரலு இருக்கற ஒரே வீடியோ அதுதான். தினமும் காலையில அங்க போய்ப் பாப்பேன். எடுத்து வெச்சுக்கணும்னு எனக்குத் தோணல. அது பாட்டுக்கு அங்கேயே இருக்கும்னு நினைச்சேன்."

பல்லழகி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண்ணைத் திறந்துகொண்டு, போன் இரண்டு தடவை கேட்டும், தன் விரலாலேயே செய்தது.

"போட்டது யாருண்ணே? பேரு ஞாபகம் இருக்கா?"

"சுத்தியல்" என்றார்.

"அவனா?"

"அவன்தான்."

குழுவின் பெயர் போட்ட டி-சர்ட் ஒருமுறை அடித்தபோது, வாங்கியவர்களின் நம்பரை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அன்று சாயங்காலமே அதைப் பரணிலிருந்து இறக்கினாள். சுத்தியல் என்று இருந்த நம்பருக்கு அடித்தபோது, பின்னால் டைல்ஸ் அறுக்கும் சத்தம் கேட்டது. தரைக்கு டைல்ஸ் பதிக்கிற ஆள் போலிருக்கிறது.

"குழுவை மூடிட்டு இப்ப எதுக்குக் கூப்பிடறீங்க?" என்று எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தான்.

அவள் சண்டை போடவில்லை. எந்தக் கச்சேரி, எந்த வீடியோ என்று சொன்னாள். அறுக்கும் சத்தம் நின்றது.

"நீலச் சட்டை போட்ட அம்மா. அழுதுக்கிட்டே பாடினாங்களே, அவங்களா? என்கிட்ட இருக்கு. எங்கம்மா ஜாடையா இருந்தாங்கன்னுதான் எடுத்தேன்." பிறகு, "அவங்க யாரு?" என்றான்.

"நீங்க சொத்தைன்னு எழுதுனீங்களே, அவரோட மனைவி. இப்ப உயிரோட இல்லை."

மெஷினைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் எழுதுனதை அவரு பாத்தாரா?"

"பாத்தாரு."

போன் துண்டிக்கப்பட்டது. அவன் அனுப்பமாட்டான் என்றே நினைத்தாள். முக்கால் மணி நேரம் கழித்து வீடியோ வந்தது. கூட ஒரு வார்த்தையும் இல்லை.

சனிக்கிழமை லேபில் அதை அண்ணனிடம் காட்டினாள். அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, சத்தத்தைக் கூட்டினார். பாட்டுக்காரரின் குரலுக்கு மேல், சுருதி கொஞ்சம் விலகி, ஓர் அம்மாளின் குரல். மற்ற மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பல்லழகிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சிலிர்த்ததே அவளுக்குத் திடுக்கென்றது. இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பாட்டு நன்றாகத்தான் இருந்தது. எழுந்து பிளாஸ்டர் அறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

குழுவை அவள் திரும்பத் தொடங்கவில்லை. வேறு யாரோ தொடங்கினார்கள். அதில் இப்போது ஐம்பதாயிரம் பேர் என்று கேள்வி. போன் மணியை மாற்றிவிட்டாள். அடுத்த மாதம் நடந்த கச்சேரிக்கு அவள் போகவில்லை. அண்ணன் டிக்கெட் எடுத்துப் போனார் என்று தெரிந்தபோது, ஒரு வாரம் அவரோடு தேவைக்கு மேல் பேசவில்லை. அவரும் அதைக் கண்டுகொள்ளாதவர் போலவே இருந்தார்.

பதினொரு மணி டீயின்போது அவளால்தான் அடக்க முடியவில்லை.

"கூட்டமா?"

"நிக்க இடமில்லை."

"அண்ணி பாடுன அந்தப் பாட்டைப் பாடினாரா?"

"பாடினாரு. நானும் கூடப் பாட ஆரம்பிச்சேன். பக்கத்துல நின்ன பையன் நான் வார்த்தையை உச்சரிக்கறதைக் கேட்டுட்டு, எந்த ஊருன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அண்ணன் டீயைக் குடித்து முடித்தார். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தார்.

"வெளிய வந்துட்டேன்" என்றார். "அந்த மேல்பல் அச்சைக் குடு. டாக்டர் ரெண்டு மணிக்கு ஆள் அனுப்புறாராம்."

அவள் எடுத்துக் கொடுத்தாள்.