மரக்கிடங்கில் தங்கிய சிங்கம்

அந்த நூலகத்தில் நிசப்தம் என்றால் அப்படியொரு நிசப்தம். எறும்பு தும்மினால் நாளிதழ் மேஜையில் மூன்று பேர் நிமிர்ந்து முறைப்பார்கள். ஐந்து நிமிடம் வாயை மூடினால் மூச்சு முட்டிப்போகும் மீட்டர்காரருக்கு அங்கே ஒரு நாற்காலி கிடைத்தது என்றால், அது போன ஜென்மத்துப் புண்ணியம்தான்.

முப்பத்துநாலு வருஷம் வீடு வீடாக ஏறி மின் மீட்டரைப் பார்த்து எழுதியவர். ஊரில் அவர் தட்டாத கதவு இல்லை, அவரைக் கடிக்காத நாய் இல்லை. கடித்தவை நூற்றுப் பதினேழு என்பார். மனைவியின் கணக்கில் இரண்டு, அதிலும் ஒன்று பூனை.

அவர் ஓய்வு பெற்ற மறுமாதமே நூலகர் அவரைப் பிடித்து ஊர் வரலாற்று மூலையில் உட்கார வைத்துவிட்டார். செவ்வாய்தோறும் பத்திலிருந்து ஒன்று வரை. பழைய தெரு, பழைய கடை, பழைய சண்டை என்று வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு அட்டையில் எழுத வேண்டியது வேலை. ஒருவர் சொன்னால் அது வெள்ளை அட்டை. அதைப் பலகையில் குத்தி வைப்பார்கள். அதைப் படித்துவிட்டு இன்னும் இரண்டு பேர் தனித்தனியாக வந்து, ஆமாம், எனக்கும் தெரியும் என்றால் அது மஞ்சள் அட்டையாகிவிடும். மஞ்சள் அட்டைகள் எல்லாம் சேர்ந்துதான் ஊர் வரலாற்றுப் புத்தகம். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் நூலகர் கைப்பட எழுதிய விதியும் ஒன்று இருந்தது: தெரிந்தே பொய்த் தகவல் தந்தவர் இந்த மேஜையில் உட்காரக் கூடாது.

அந்த நாற்காலி மீட்டர்காரருக்கு உயிர். மாமியார் வீட்டில்கூட அவர் பேச்சை அவ்வளவு பேர் வரிசையில் நின்று கேட்டதில்லை.

வினை வந்தது ஒரு சனிக்கிழமை. குழந்தைகளுக்குக் கதை சொல்ல வருகிற அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அரை மணி நேரம் சமாளியுங்கள் என்று நூலகர் இவரை உள்ளே தள்ளினார். நாற்பது பிள்ளைகள், இவர் சொல்லும்போது நானூறு. பத்தே நிமிடத்தில் பாதிப் பேர் அலமாரியில் ஏறிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அவர் வாயைத் திறந்தார்.

இந்தக் கட்டடம் முன்பு மரக்கிடங்காக இருந்தது என்றார். அது நிஜம். வெள்ளம் வந்த வருஷம் ஊருக்கு ஒரு சர்க்கஸ் வந்தது என்றார். அதுவும் நிஜம். கூடாரம் தண்ணீரில் போனதால் சர்க்கஸ் சிங்கத்தை மூன்று நாள் இங்கேதான் கட்டி வைத்தார்கள், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் அதன் வால் கிடந்தது என்றார். அலமாரியில் இருந்தவர்கள் எல்லாம் பழம்போல உதிர்ந்து வந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு ஒரு பிள்ளைகூட ஒன்றுக்குப் போகவில்லை.

பின்வரிசையில் இருந்த ஒரு தாய் மட்டும் அதைச் சீட்டில் எழுதித் தகவல் பெட்டியில் போட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால் பலகையில் வெள்ளை அட்டை. வெள்ள வருஷம் இங்கே சிங்கம் தங்கியது, சொன்னவர், மீட்டர்காரர். அப்போதே பிடுங்கிப் போட்டிருக்கலாம். ஆனால் நூலகரின் முத்து முத்தான கையெழுத்தில் தன் பெயரைப் பார்க்க ஆசையாக இருந்தது. தவிர, இல்லாத சிங்கத்துக்கு எவன் வந்து சாட்சி சொல்லப் போகிறான்?

மூன்றாவது வாரம் தையல்காரர் வந்தார். அவருடைய அப்பா வெள்ள வருஷம் மரக்கிடங்குக்காகக் கப்பல் பாய் மாதிரி ஒரு கனத்த துணி தைத்தாராம். எதற்கென்று இத்தனை நாள் புரியவில்லையாம், இப்போதுதான் புரிகிறதாம், கூண்டை மூடத்தான். அடுத்த மாதம் நர்ஸம்மா வந்தார். நர்ஸம்மாவை வயிற்றில் சுமந்துகொண்டு அடுத்த தெருவில் இருந்த அவருடைய அம்மா, தொடர்ந்து மூன்று நாள் காலையில் கர்ஜனை கேட்டு, அலமாரிப் பாத்திரம் ஆடியதைச் சாகும்வரை சொன்னாராம். இரண்டையும் மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டவர் மீட்டர்காரரே. தான் விட்ட புளுகுக்குத் தானே சாட்சி வாங்கும் பாக்கியம் உலகத்தில் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது. போகப் போக அவருக்கே சிங்கத்தின் வாடை லேசாக ஞாபகம் வர ஆரம்பித்தது.

இதற்கிடையில் அவர் மனைவி நூலகத்தின் கணினி வகுப்பில் சேர்ந்திருந்தாள். தட்டச்சுப் பயிற்சிக்கு மஞ்சள் அட்டைகளைத்தான் கொடுத்தார்கள்; புத்தகமும் ஆயிற்று, பயிற்சியும் ஆயிற்று. அவள் பிறந்து வளர்ந்தது மரக்கிடங்குக்கு நேர் எதிர் வீடு. சிங்கத்தை எழுத்து எழுத்தாக, இரண்டே விரலால், ஒரு வார்த்தை பேசாமல் அடித்து முடித்தாள். மத்தியானம் வீட்டில் தட்டு வைத்தாள்.

“சிங்கத்துக்கு இன்னும் கொஞ்சம் போடட்டுமா?”

மீட்டர்காரருக்குப் புரை ஏறியது.

“எதிர்ல மூணு நாள் சிங்கம் இருந்திருக்கு, எனக்குத்தான் தெரியாமப் போச்சு.”

நீ அப்போது கைக்குழந்தை என்று இழுத்துப் பார்த்தார்.

“ஏழு வயசு. மாடியில உக்காந்து தண்ணி வடியறதைப் பார்த்துட்டிருந்தேன். ஒரு எலி நீந்திப் போச்சு. அதைவிடப் பெரிசா எதுவும் வரலை.”

இருநூறு பக்கப் புத்தகத்தில் ஒரே ஒரு சிங்கம், அது யாரைக் கடிக்கப் போகிறது என்று கெஞ்சினார். சொன்னால் நாற்காலி போய்விடும் என்றார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“பன்னெண்டாம் பக்கத்துல எங்கப்பா வீடு இருக்குங்க. வெள்ளத்துல முப்பது பேரை அவர் மாடியில தங்க வெச்சது. பதிமூணாம் பக்கத்துல உங்க சிங்கம். அதைப் படிக்கிறவங்க எங்கப்பாவை என்னன்னு நினைப்பாங்க?”

வியாழக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது, நீங்களாகச் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமை காலை மீட்டர்காரர் நூலகத்தைப் பிரதட்சணம் வராத குறையாக மூன்று சுற்றுச் சுற்றினார். கடைசியில் நூலகர் முன்னால் போய் நின்று, மேடம், அந்தச் சிங்கம் நான் விட்டது என்றார்.

நூலகர் சிரித்தார். இவர் பேச்சில் மீட்டர் எப்போதும் இரண்டு மடங்கு ஓடும் என்பது ஊருக்கே தெரியும். மூன்று பேர் சொன்ன சிங்கத்தைத் தான் ஒருவனே படைத்ததாக இப்போது பெருமையடிக்கிறார் என்று நினைத்துவிட்டார். நாளிதழ் மேஜையிலிருந்து தையல்காரர் எழுந்து வந்தார்.

“நீங்க புளுகுங்க, புளுகாமப் போங்க. எங்கப்பா தச்ச துணி நிஜம்.”

புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்த நர்ஸம்மாவும் சேர்ந்துகொண்டார். “எங்கம்மா காதுல விழுந்தது பொய்யா சார்?”

அறுபது வருஷம் அவர் சொன்ன பொய்யையெல்லாம் நம்பிய உலகம், முதல் முறையாக உண்மையைச் சொன்னபோது உதைக்க வந்தது. அந்த நேரத்தில் கணினி அறையிலிருந்து மனைவி வெளியே வந்தாள். புருஷனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகத் தையல்காரரிடம், அந்தத் துணி பெரிய ரம்பத்துக்கு என்றாள். மழையில் மரம் அறுக்கும் மெஷின் நனையாமல் மூடிக் கட்டியிருந்தார்கள், ஒரு மாசம் மாடியிலிருந்து பார்த்தேன் என்றாள். தண்ணீர் வடிந்து மறுபடி ரம்பத்தை ஓட்டியபோது துருப் பிடித்து அது போட்ட கூச்சலில் எங்கள் வீட்டு ஜன்னலே உதறியது, சரியாக மூன்று காலை என்று நர்ஸம்மாவிடம் சொன்னாள்.

தையல்காரர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். “அதான் சுத்தி இருபது கொக்கி வெச்சுத் தரச் சொன்னாங்களா. கூண்டுக்கு எதுக்குக் கொக்கின்னு எனக்கும் ஒரு உறுத்தல் இருந்துச்சு.”

நர்ஸம்மா மெதுவாகச் சொன்னார். “அம்மா சத்தம்னுதான் சொன்னாங்க. கர்ஜனைன்னு நான்தான் சொன்னேன். அட்டையைப் படிச்சுட்டு வந்தேன் இல்லையா.”

நூலகர் நேராகப் பலகைக்குப் போனார். ஒவ்வோர் ஊசியாகப் பிடுங்கி, வெள்ளை அட்டைகள் அத்தனையையும் கழற்றினார்.

“விடையை எழுதி ஒட்டிட்டு, அதே விடையோட வந்தா சாட்சின்னு வாங்கியிருக்கேன். தப்பு என்னோடதும்தான். இனிமே பலகையில கேள்வி மட்டும்தான்.”

பதிமூன்றாம் பக்கத்தில் சிங்கம் போய் ரம்பம் வந்தது, மூன்று சாட்சிகளோடு. அப்புறம் எல்லார் கண்ணும் மேஜைக் கண்ணாடிக்குப் போனது. மீட்டர்காரரே இழுப்பறையைத் திறந்து, தன் பேனாவையும் மூக்குக் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விதி விதிதானே மேடம் என்றார். போகாதீர்கள் என்று நூலகர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனைவி விட்டிருக்கமாட்டாள். நாற்காலியை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்க நூலகருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த செவ்வாய் மீட்டர்காரர் வீட்டில் இருந்திருக்கலாம். இருப்பாரா? பத்தடி பின்னால் மனைவியின் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்தார். நாற்காலியின் இந்தப் பக்கமும் அப்படியொன்றும் மோசமில்லை, காற்று நன்றாக வருகிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் முறை வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் இருந்த மனைவி நிமிராமல் ஒரு வெள்ளை அட்டையை எடுத்தாள்.

“நேர்ல பார்த்ததா, கேள்விப்பட்டதா?”

“நேர்ல பார்த்தது. வெள்ளம் வந்து பதினஞ்சு வருஷம் கழிச்சு, மரக்கிடங்குக்கு எதிர் வீட்டுக்கு மீட்டர் பார்க்கப் போனேன். ஒரு பொண்ணு கதவைத் திறந்துச்சு.”

பேனா ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. “மணி?”

“பதினொண்ணு.”

“பத்தரை” என்று எழுதினாள். “இதுக்கு ரெண்டு சாட்சி வேணும். ஒண்ணு நான் இருக்கேன். இன்னொருத்தரைத் தேடிப் பிடிச்சுட்டு வாங்க. அடுத்தவங்க வரலாம்.”

நூலகத்துக்குள் தொலைபேசி கூடாது என்பதால் வாசல் படிக்கு இறங்கிப் போய், மச்சானைக் கூப்பிட்டு, அன்றைக்கு மாடியிலிருந்து என்னை முறைத்தீர்களே, அதை உடனே வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்.