கொடியசைக்காத வண்டி

ஆம்பூர் அரசு மருத்துவமனையில் பதினாறு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். வென்டிலேட்டர் வைத்த ஆம்புலன்ஸ் ஒன்று, ஒன்றே ஒன்று வேண்டும் என்று கத்திக் கத்தியே தொண்டை போனது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கோபத்தில்தான் தேர்தலில் நின்றேன். ஜெயித்தும் தொலைத்தேன். போன மாதம் எம்.எல்.ஏ. நிதியில் வண்டியும் வாங்கிவிட்டேன்.

வண்டி வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அமைச்சர் கொடியசைக்க வியாழக்கிழமை தேதி கொடுத்திருந்தார். அதுவரை மருத்துவமனையின் பின்பக்க ஷெட்டில் ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தோம். வியாழக்கிழமைக்கு முன்னால் யாரும் தொடக்கூடாது என்று சொன்னது நான்தான். ஒரு கீறல் விழுந்தாலும் எனக்கு அவமானமாம். பதினாறு வருடம் கத்தியவளுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ!

செவ்வாய்க்கிழமை காலை ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியில் மூன்று பேர் அடுத்தடுத்து இறங்கி விஷவாயுவில் விழுந்தார்கள். ஒருவர் அங்கேயே செத்துப்போனார். இருந்த ஒரே பழைய ஆம்புலன்ஸ் இன்னொருவரை ஏற்றிக்கொண்டு வேலூருக்குப் போய்விட்டது. மூன்றாவது ஆளான மாதனூர் வசந்த் மட்டும் ஆம்பூர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வயது இருபத்தாறு.

நான் நகராட்சிக் கூட்டத்தில் இருந்தேன். போன் என் உதவியாளர் பரந்தாமனிடம் இருந்தது. கூட்டம் முடிந்து வெளியே வந்தபிறகுதான், புது வண்டியைக் கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நாலு முறை கூப்பிட்டார்கள் என்று சொன்னார்.

"இன்னா சொன்னீங்க அவங்ககிட்ட?"

"நீங்க சொன்னதுதான் மேடம். வியாழக்கிழமை வரைக்கும் வண்டிய தொடக்கூடாதுன்னு."

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

வார்டில் மஹ்பூபி சிஸ்டர் ஆம்பு பையை அழுத்தி வசந்துக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எத்தினி வாட்டி போன் பண்றது ஹெலன்? ஒன்றரை மணி நேரமா அழுத்திக்கினு இருக்கேன்."

பின்பக்கம் போய் ரிப்பனைக் கையாலேயே பிய்த்தேன். வசந்தை ஏற்றியபிறகு பார்த்தால் வென்டிலேட்டர் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. இயக்கிப் பார்த்தவர் யாருமில்லை. வார்டிலிருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பையை நான் வாங்கினேன். அவன் மனைவி தமிழினி ஷூ கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அழுத்தினேன். கர்த்தரே, இவனை மட்டும் விட்டுவிடு என்று கெஞ்சிக்கொண்டே அழுத்தினேன். மாதனூர் தாண்டியது. பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கு முன்னால் நாடி நின்றுபோனது. பையைத் தமிழினி கையில் கொடுத்துவிட்டு அவன் மார்பை அழுத்தத் தொடங்கினேன். வேலூர் வரை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொன்னது அங்கிருந்த டாக்டர்தான். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார்.

தமிழினி அழவில்லை. என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"எம்.எல்.ஏ.வா இருந்தும் உங்க கையாலயே மூச்சு குடுத்துக்கினு வந்தீங்கக்கா. நான் மறக்கமாட்டேன்."

காரில் பின்னாலேயே வந்திருந்த பரந்தாமன் என் காதருகே குனிந்தார். "மேடம், வண்டி இன்னைக்குத்தான் வந்துச்சுன்னு சொல்லிடுங்க. மத்தத நான் பாத்துக்குறேன்."

"இந்த வண்டி மட்டும் காலையிலேயே இருந்திருந்தா..." என்றாள் தமிழினி.

"இருந்துச்சும்மா," என்றேன். "பதினோரு நாளா ஆஸ்பத்திரிக்குப் பின்னாடியேதான் நின்னுச்சு. நான்தான் யாரும் எடுக்கக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தேன்."

என் கையை விட்டாள்.

"எதுக்குக்கா?"

அமைச்சர் வந்து கொடியசைக்க என்று சொன்னேன். அவளுக்கு அது விளங்கவில்லை. இதற்குமேல் இன்னும் ஏதோ காரணம் இருக்கும், சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.