ஷௌகி விற்ற வரம்பில்லாத இடம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கதைகளை நான் போட்டு வைக்கும் இணையதளத்துக்கு இடம் கொடுத்திருப்பவன் ஷௌகி. எகிப்தின் நபரோ ஊர்க்காரன், என்னை 'உஸ்தாத்', அதாவது வாத்தியாரே, என்றுதான் கூப்பிடுவான். ஒரு வியாழக்கிழமை ஃபோன் செய்தான்.

"உஸ்தாத், உங்க தளத்தை ஒரு வாரம் மூடி வெச்சுக்கட்டுமா?"

"ஏன்?"

"இந்த வாரம் உங்க கதையை யாரு படிக்கப் போறாங்க? எல்லாரும் மீன் வாங்கப் போயிடுவாங்க."

மற்ற வாரங்களில் மட்டும் யார் படிக்கிறார்கள் என்று அவன் கேட்கவில்லை. அந்த மட்டில் நல்லவன். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. ஃபோனை வைத்த கையோடு இப்படி ஆரம்பித்தேன்:

[நைல் கழிமுகத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு மோசடிக்காரன் இருந்தான். அவன் இல்லாத இடத்தை]

அத்தோடு நின்றது. முழுதாக அழித்திருக்கலாம், ஆனால் உங்கள் பார்வைக்கு விட்டு வைக்கிறேன். ஒரு மனிதனை மோசடிக்காரன் என்று எழுதி, அதை அவனிடமே வாங்கிய இடத்தில் போட்டு வைப்பது எந்த ஊர் நியாயம்?

2

சரி, அவன் பக்கத்திலிருந்து பார்ப்போம்.

ஷௌகி ஜெர்மனியில் எங்கோ இருக்கும் ஒரு சர்வர் இயந்திரத்தை மாத வாடகைக்கு எடுத்திருந்தான். அதைக் கூறு போட்டு, இணையதளம் வைக்க இடம் கேட்கிறவர்களுக்கு உள்வாடகைக்கு விட்டான். ஒரு வருடத்துக்கு இரண்டு தட்டு கோஷரி விலை.* கடைப் பலகையில் 'வரம்பில்லாத இடம்' என்று பச்சை எழுத்தில் எழுதி வைத்திருந்தான். அந்த விலையில் இயந்திர வாடகையே தேறாது. புதிதாக வருகிறவன் கொடுப்பதை வைத்து, பழையவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வாடகை கட்டுவான். அடுத்த மாதமும் எவனாவது புதிதாக வருவான் என்று நம்பித்தான் தூங்கப் போவான்.

(* கோஷரி என்பது தெருக்கடைப் பருப்புச் சோறு. கெய்ரோவில் ஒருவன் மூன்று தட்டு விலைக்குக் கொடுத்தான். அதனால் இவன் இரண்டு. அதற்கு மேல் இதில் கணக்கு எதுவும் கிடையாது.)

துணி ஆலையில் தரம் பார்க்கும் வேலைக்கு நான் இங்கே வந்து வெகுகாலம் ஆகிறது. எனக்கும் கொஞ்சம் கணக்கு வரும். ஒருநாள் அவன் கடை வாசலில் ரொட்டியும் அவரைக் குழம்பும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"எப்படிப்பா கட்டுப்படியாகுது?"

"உஸ்தாத், சாப்பிடும்போது தெருவுல போற எல்லாரையும் 'வாங்க, சாப்பிடலாம்'னு கூப்பிடறேன் இல்லையா? யாராச்சும் வந்து உட்கார்ந்திருக்காங்களா?"

"இல்ல."

"'நல்லா சாப்பிடுப்பா'ன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. மரியாதை தெரிஞ்ச ஜனங்க. அவ்வளவுதான் என் தொழில். வாங்க, சாப்பிடலாம்."

நல்லா சாப்பிடுப்பா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

3

இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் கொஞ்சம் இப்படித்தான். ஒருவனுக்குப் பசிக்கும் நேரத்தில் இன்னொருவனுக்குப் பசிக்காது என்பதுதான் அடித்தளம். தையல்காரன், பல் மருத்துவர், தமிழில் கதை எழுதுகிறவன் என்று கலந்து விற்றிருந்தால் ஷௌகி தப்பித்திருப்பான். அவன் சொந்த ஊருக்கே விற்றான். நபரோவில் எல்லோரும் ஃபெஸீக் விற்கிறவர்கள். உப்பில் ஊறிய அந்த மீனை எகிப்தே தேடி வாங்குவது வசந்தத் திருநாளை ஒட்டிய ஒரே வாரத்தில். ஊருக்கே ஒரே நேரத்தில் பசிக்கும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. மாமன், மச்சான், பக்கத்துக் கடை என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தான்.

கேட்டவர்களில் அவன் அக்கா இன்சாஃபும் ஒருத்தி.

[இன்சாஃப் கண்ணீரும் கம்பலையுமாக]

இல்லை. அவளை அப்படித்தான் முதலில் எழுதினேன், படிக்கிறவர் மனம் இளகட்டும் என்று. இன்சாஃப் அழுகிறவள் இல்லை, மற்றவர்களை அழவைக்கிறவள். கணவன் முதுகில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தான். அவன் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது, தெருவைப் பார்த்த கடையை அவர்கள் எடுத்துக்கொண்டு பின்கட்டுப் பீப்பாய்களை இவள் தலையில் கட்டினார்கள். இவள் கையில் இருந்ததையெல்லாம் மீனாக்கிப் பீப்பாய்களை நிரப்பினாள். தெருவில் கடை இல்லாதவளுக்குத் தம்பி போட்டுக் கொடுத்த இணையதளம்தான் கடை. அந்த வாரம் விற்றால் வருடம் முழுக்கச் சாப்பாடு. விற்காவிட்டால், திருநாள் முடிந்தபிறகு அந்த மீனை யாரும் சீந்தமாட்டார்கள்.

4

திருநாள் திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வியாழன் காலையில் கெய்ரோவும் அலெக்ஸாண்ட்ரியாவும் ஒரே மூச்சில் மீன் கேட்டன. இயந்திரம் திணறியது. நபரோவின் எந்தக் கடையும் திறக்கவில்லை, திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்சாஃப் உப்புக் கையோடு தம்பி கடைக்குள் நுழைந்தாள்.

"டேய் ஷௌகி, என் கடை எங்கடா?"

"வந்துரும்க்கா. கொஞ்சம் நெரிசல்."

"வரம்பில்லாத இடம்னு வெளியில எழுதி வெச்சிருக்கே?"

"அது... எல்லாரும் எழுதறதுதான்க்கா."

"வாங்க சாப்பிடலாம்னு நீதானே கூப்பிட்டே? ஊரே வந்து உட்கார்ந்தாச்சு. தட்டு எங்கடா?"

 பெரிய இயந்திரமாக மாற்ற ஷௌகியிடம் பணம் இல்லை, வாங்கின விலைக்குக் கீழே விற்றவனிடம் எப்படி இருக்கும்? ஆனால் ஒரு சுலபமான வழி இருந்தது. மற்ற கடைகளை மூடிவிட்டு அக்காவின் கடையை மட்டும் திறந்து வைத்தால் அது பறக்கும். யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் கோளாறு என்று சொல்லிவிடலாம்.

[ஷௌகி மற்ற கடைகளை ஒவ்வொன்றாக]

இந்த இடத்தில் அவனை மூட வைத்தேன். கதைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவன் மூடவில்லை, முதலில் எனக்குத்தான் ஃபோன் செய்தான். மீன் விற்காத ஒரே வாடிக்கையாளன் நான். வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டேன். என் தளத்தை மூடியதால் இயந்திரத்தின் சுமை ஒரு துளியும் குறையவில்லையாம். என் எழுத்துக்கு இவ்வளவு நேர்மையான விமர்சனம் இதற்கு முன் வந்ததில்லை.

5

பிறகு ஷௌகி ஊரிலேயே பெரிய கடைக்காரரான ஹாஜ் மித்வல்லிக்கு ஃபோன் செய்தான்.

"ஹாஜ், வரம்பில்லாத இடம்னு நான் வித்தது பொய். அப்படி ஒண்ணு இல்ல. இருக்கறது ஒரே இயந்திரம், அது எல்லாரையும் தாங்காது."

"இதை விக்கறப்பவே சொல்றதுக்கென்ன?"

"அப்ப நீங்க வாங்கியிருக்கமாட்டீங்க."

எல்லாக் கடைகளின் தளங்களையும் எடுத்துவிட்டு, ஒரே ஒரு வெள்ளைப் பக்கம் போட்டான். படம் இல்லை, அலங்காரம் இல்லை. எந்தக் கடையைத் தேடி வந்தாலும் அந்தப் பக்கம்தான் திறக்கும். அதில் ஊர்க் கடைகளின் பெயரும் ஃபோன் நம்பரும் வரிசையாக இருந்தன. அவ்வளவு லேசான பக்கத்தை எத்தனை பேர் வந்து பார்த்தாலும் இயந்திரம் அசையாது. ஆனால் ஊர் அசைந்தது. இவன் பெயருக்குக் கீழே என் பெயரா என்று ஆளாளுக்குச் சண்டைக்கு வந்தார்கள். மித்வல்லியை முதலில் போட்டதும் பாதிச் சத்தம் அடங்கியது. கடைசியில் யார் என்பதில்தான் மீதிச் சத்தம். அங்கே அக்காவின் பெயரைப் போட்டான்.

"கூடப்பிறந்தவளை எல்லாருக்கும் கீழேயா போட்டே?"

"மேல போட்டா ஊரு என்னைச் சும்மா விடுமாக்கா?"

 இன்சாஃப் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். அந்தச் சத்தத்துக்கு ஷௌகியின் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் கெய்ரோக்காரர்கள் முதல் நம்பரை அழைத்தார்கள். மித்வல்லியின் லைன் கிடைக்கவில்லை. இரண்டாவதும் கிடைக்கவில்லை, மூன்றாவதும் அப்படியே. மனிதர்கள் மனிதர்கள்தானே, சலித்துப்போய் அடியிலிருந்து ஆரம்பித்தார்கள். அடியில் இருந்தது இன்சாஃப். அவள் காதிலிருந்து ஃபோனை எடுக்க முடியவில்லை. மினிபஸ் டிரைவர்கள் பின்கட்டு வாசலிலேயே நின்று பொட்டலங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். திருநாளுக்கு முன்பே பீப்பாய்கள் காலி. அதன் பிறகு அழைத்தவர்களிடம், "என்கிட்ட தீர்ந்துபோச்சு, எனக்கு மேல இருக்கறவங்களைக் கேளுங்க. அவங்க மீனும் நல்லாத்தான் இருக்கும்" என்றாளாம். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததை ஊர் இன்னும் பேசுகிறது.

6

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருக்கின்றன.

ஒன்றில், ஷௌகி நாணயமாக நடக்கப் பார்த்தான், அதிர்ஷ்டம் அக்காவுக்கு அடித்தது. மற்றொன்றில், மேலே கூட்டம் நெரியும், கீழே வழி திறந்திருக்கும் என்று தெரிந்தேதான் போட்டான். நெரிசலை விற்றே பிழைத்தவனுக்கு நெரிசல் தெரியாதா? அந்தக் கலங்கிய கண்தான் இடிக்கிறது.

இன்சாஃபிடமே கேட்டேன்.

"அவனுக்கா? அவ்வளவு மூளை இருந்தா ரெண்டு தட்டு கோஷரிக்கு வித்திருப்பானா?" என்றாள். ஆனால் பீப்பாயிலேயே நல்ல மீனாகப் பார்த்து, விற்காமல் எடுத்து வைத்து, தம்பிக்குக் கொடுத்துவிட்டு வந்துதான் இதைச் சொன்னாள்.

ஷௌகி பலகையில் 'வரம்பில்லாத' என்பதைச் சுரண்டிவிட்டான். பச்சைத் தடம் இன்னும் தெரிகிறது. கட்டுப்படியாகும் விலையைச் சொன்னதும் பாதிப்பேர் வேறொரு 'வரம்பில்லாத' ஆளைத் தேடிப் போய்விட்டார்கள். மித்வல்லி முனகிக்கொண்டே இருந்துவிட்டார். நானும் இருந்துவிட்டேன். யாரும் படிக்காத என் கதைகளை, கைநஷ்டப்பட்டு இத்தனை வருடம் காப்பாற்றி வைத்தவன் அவன். மூடுவதற்குக்கூட என்னிடம் அனுமதி கேட்டான். கோபத்தில் ஆரம்பித்தவன் நன்றியோடு வந்து நிற்கிறேன், இதை மறைப்பானேன்?

முடிவைக் கேட்டுக்கொண்டு வரலாம் என்று நேற்று மத்தியானம் போனேன். கடை வாசலில் அக்கா கொடுத்த மீன், வெங்காயம், ரொட்டி.

"வாங்க உஸ்தாத், சாப்பிடலாம்."

உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு கணம் திகைத்துப்போனான். பிறகு ஸ்டூலை நகர்த்திப் போட்டு, ரொட்டியைப் பிய்த்துப் பெரிய பாதியை என் பக்கம் வைத்தான்.

"தெரிஞ்சேதான் கடைசியில போட்டியா, ஷௌகி?"

அவன் மீனை வாயில் வைத்துக்கொண்டான். முள் நிறைந்த மீன் அது, மென்றுகொண்டே பேச முடியாது. எனக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்தான், அதன்பிறகு நானும் பேசவில்லை.

நீங்கள் நபரோ பக்கம் போனால் கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போங்கள். கூப்பிடுவான். உட்கார்ந்துவிடுங்கள்.