கவுன்ட்டர் அக்காவின் இரண்டு விண்டோ

அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஆர்டர் எடுக்கும் புரோகிராமை எழுதியவன் அவன். கவுன்ட்டரில் பதினோரு வருடமாக இருந்த அக்கா, பிரவுசரில் அதை எப்போதும் இரண்டு விண்டோவில் திறந்து வைத்திருப்பார். ஒருவர் ஃபிரேம் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, அடுத்தவரின் கண் பவரை இன்னொரு விண்டோவில் பதிந்துவிடுவார்.

ஒரே மாதத்தில் மூன்று பேருக்குப் பவர் மாறிப்போனது. மூன்றாமவர் பஸ் ஓட்டுநர். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்து, "இதை மாட்டிட்டு ஓட்டினா ஊரே காலி!" என்று கத்தினார். முதலாளி புரோகிராம் எழுதியவனை வரவழைத்தார்.

அவன் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கடையில் நின்றவர்கள் முன்னாலேயே சொன்னான். "புரோகிராம் சரியாத்தான் இருக்கு சார். அக்காதான் விண்டோ மாத்தி அடிச்சிருப்பாங்க."

மறுநாளே அக்காவைப் பின்னறையில் லென்ஸ் துடைக்கப் போட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, வேறேதோ திருத்தத்துக்காக அவனே இரண்டு விண்டோ திறந்தான். முதலாவதில் ஒரு பெயர், இரண்டாவதில் இன்னொரு பெயர். முதலாவதுக்குத் திரும்பி வந்து பவரைச் சேமித்தான். அது இரண்டாவது பெயரில் போய் உட்கார்ந்தது. எந்த விண்டோவிலிருந்து வருகிறது என்று சர்வர் பார்ப்பதே இல்லை. கடைசியாகத் திறந்த பெயரைப் பிடித்துக்கொள்கிறது. அப்படி எழுதி வைத்தவன் அவன்.

விண்டோவுக்கு ஒரு தனி எண் கொடுத்து, சேமிக்கும்போது அதுவும் சேர்ந்து போகும்படி செய்தான். ஒரு மணி நேர வேலை. சொல்லாவிட்டால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. இரண்டு நாள் சொல்லாமல்தான் இருந்தான். சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பின்னறைக்குப் போனான். அக்காவின் மூக்கில் புதிதாக ஒரு கண்ணாடி.

"அக்கா, தப்பு உங்களோடது இல்ல. என்னோடது" என்று நடந்ததைச் சொன்னான்.

அக்கா துணியைக் கீழே வைத்தார். "என் கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன் தம்பி. டாக்டர் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாரு. மனசு கேக்கல, இதை வாங்கி மாட்டிக்கிட்டேன்."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"முதலாளிகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லக்கா. கடையில ஆள் நிக்குது, போனதும்..."

"அன்னைக்கும் ஆள் நின்னுச்சே."

அவன் எழுந்து முன்னால் போனான். முதலாளியிடம் தணிந்த குரலில் சொன்னான். "என்னது?" என்று முதலாளி கேட்க, எல்லோர் முன்னாலும் இன்னொரு தரம் சொல்ல வேண்டியதாயிற்று.

அக்காவுக்கு அன்றே கவுன்ட்டர் திரும்பக் கிடைத்தது. ஆனால் இப்போதெல்லாம் ஒரு விண்டோவை மூடிய பிறகுதான் அடுத்ததைத் திறக்கிறார். 'பயப்படாதீங்க, சரி பண்ணிட்டேன்' என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.