இன்னொருத்தன் தோண்டுவான்

ஞாயிற்றுக்கிழமை காலை, லைல் பாஸ்கோ தீயணைப்பு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஹன்டர் பள்ளத்தாக்கில் எங்கள் விரபெல் மாதிரிச் சிற்றூர்களில் தீயணைப்பது சம்பள வேலை இல்லை. ஊர்க்காரர்களே கூடிச் செய்கிற தொண்டு. லைல் அந்தக் குழுவுக்குக் கேப்டன். பிழைப்புக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறார். தீயணைப்பு வண்டியும் சுரங்கக் கம்பெனி வாங்கிக் கொடுத்ததுதான். கொடுத்த கையோடு கதவு நிறையத் தன் பெயரையும் எழுதி வைத்திருந்தது.

கம்பெனிக்குப் புதிதாக இன்னொரு குழி தோண்ட அனுமதி கிடைத்திருந்தது. அதை எதிர்த்து நோரீன் டல்லக் வழக்குப் போட்டிருந்தாள். மாட்டுப் பண்ணைக்காரி, தீயணைப்புக் குழுவிலும் இருப்பவள். இந்தக் கரியை எந்த நாட்டில் எரித்தாலும் பூமியின் சூடு ஏறும், அந்தச் சூடு இங்கேயும் வந்து சேரும், அதைக் கணக்கில் எடுக்காமல் கொடுத்த அனுமதி செல்லாது என்பது அவள் வாதம். அன்றிலிருந்து ரொட்டிக்கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். எங்கள் ஊரில் கூத்தாடி கம்பெனிதான்.

குழாய்களைச் சுருட்ட அவள் வந்ததும், சுரங்க மெக்கானிக் பிரெட் வாயைத் திறந்தான்.

"வாங்க மகாராணி! உங்க மாடு விடற ஏப்பமும்தான் பூமியைச் சூடாக்குதாம், அதுக்கு யாரு கேஸ் போடறது?"

"நீயே போடு பிரெட். என் மாடு ஏப்பம் விட்டுட்டு, நான் விடலைன்னு வக்கீல் வச்சுப் பேசாது."

லைல் துணியைப் பிழிந்தபடி, "கோவிச்சுக்காதே நோரீன்," என்றார். "உலகத்துல எத்தனையோ குழி இருக்கு. நம்ம ஒண்ணை மூடிட்டா குளிர்ந்துடுமா? நாம தோண்டலைன்னா இன்னொருத்தன் தோண்டுவான். நம்ம பசங்களுக்கு வேலை போறதுதான் மிச்சம். கம்பெனி வக்கீல் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கார். அங்கயும் இதைத்தான் சொல்லப் போறேன்."

"சொல்லு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அந்த ஆகஸ்டு மாதமே தீ வந்தது. பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்கு அது குளிர்காலம். காட்டுத்தீக்கான பருவமே இல்லை. ஆனால் மழை பொய்த்துப் புல்லெல்லாம் அப்பளமாய் நொறுங்கிக்கொண்டிருந்தது. மத்தியானம் மேற்குச் சரிவில் புகை கிளம்ப, குழுவில் எல்லோருடைய போனும் அலறியது. லைல் ஓடிப்போய்த் தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகையைத் திறந்தார். நோரீன் வந்தாள். வேறு ஒருவரும் வரவில்லை. வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தபின் இரண்டு பேருமாகவே கிளம்பினார்கள்.

சரிவில் இரண்டு வீடுகள். இருந்த கைகளுக்கு ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. ஷெர்லி டன் நாயோடு வெளியே ஓடிவந்துவிட்டாள். அவள் வீடு போனது. லாயத்தில் இருந்த குதிரைகளும் போயின. அவை கத்தியதைக் கேட்டுக்கொண்டு குழாயைப் பிடித்து நின்றார் லைல்.

மறுநாள் கொட்டகையில் அவர் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது.

"எங்கடா போய்த் தொலைஞ்சீங்க எல்லாரும்?"

பிரெட் தலையைத் தூக்கவில்லை. "குளிர்காலத் தீதானேன்னு இருந்துட்டேன் லைல். நான் ஒருத்தன் வராட்டி என்ன, வேற யாராவது வருவாங்கன்னு..."

"நீ?" என்று லைல் அடுத்தவனைக் கேட்டார்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

கேட்ட அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். ஓங்கி ஒன்று விடலாம் போல லைலுக்குக் கை துறுதுறுத்தது. அப்போதுதான் இந்தச் சாக்கு எங்கேயோ கேட்டதாக இருக்கிறதே என்று உறைத்தது. அவர் வாயிலிருந்து வந்ததுதான். வெட்கத்தில் நோரீன் பக்கம் திரும்பவே முடியவில்லை. அவளும் விடவில்லை.

"அவங்களை மட்டும் ஏன் முறைக்கற?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நீதிமன்றத்தில் கம்பெனி வக்கீல் தேனாகப் பேசினார். "இந்த ஒரு சுரங்கத்தால வர்ற புகை கடல்ல ஒரு துளி. இங்க தோண்டலைன்னா வேற யாராவது தோண்டப் போறாங்க. இதுல உங்க கருத்து என்ன, மிஸ்டர் பாஸ்கோ?"

"போன மாசம் கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன் சார். எங்க ஊர்ல தீப்பிடிச்சப்ப ஒவ்வொருத்தனும் இன்னொருத்தன் வருவான்னு வீட்டுல உக்காந்திருந்தான். ஒரு பொம்பளை நடுத்தெருவுல நிக்கறா. அவனுங்க சொன்னா அது சோம்பேறித்தனம், நீங்க கோட்டு மாட்டிக்கிட்டுச் சொன்னா அது சட்டமா?"

வக்கீலின் முகம் கறுத்தது. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க!"

"அதைத்தான் சொல்றேன். இன்னொருத்தன் தப்புப் பண்ணுவான்ங்கறது, நாம பண்றதுக்கு லைசென்ஸ் இல்லை. அந்த இன்னொருத்தனும் நம்மளைக் கை காட்டித்தான் சார் தோண்டிக்கிட்டிருக்கான்."