உவரன் குடித்த தண்ணீர்

மார்கழி பன்னிரண்டாம் தேதி காலை, மலர்க்கொடியின் தொடர்கதையில் நாற்பத்தொன்றாம் அத்தியாயம் வெளியான அரை மணி நேரத்தில், அதில் வரும் உவரன் என்னும் மிருகம் ஊர் ஏரியில் இறங்கித் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. நீலச் செதில், மூன்று திமில், பேருந்து உயரம். எழுதியபடியே இருந்தது. ஆடு மேய்த்தவர்கள் சற்றுத் தள்ளி ஓட்டிக்கொண்டு போனார்கள்.

மலர்க்கொடி உத்திரமேரூரில் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்தாள். பேருந்தில் போகவர, கைபேசியில் மாயக்கதை எழுதுவாள். ஒரு கதைச் செயலியில் பதினோராயிரம் பேர் படித்தார்கள். அவளுடைய அப்பா வேதகிரி ஏரியின் கம்புகட்டி; மதகைத் திறந்து, வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடுபவர். அப்படிப்பட்டவரின் மகள், உவரனைத் தொள்ளாயிரம் வருடம் உப்புப் பாலையில் நடக்கவிட்டு, குடிக்க ஒரு வாய் தண்ணீர் எழுத மறந்திருந்தாள்.

"ஒரு பாட்டிலாவது வாங்கிக் குடுத்திருக்கலாம்டி," என்றாள் கடையில் உடன் வேலை செய்யும் சசிரேகா.

தை பிறந்தபோது தண்ணீர் இறங்கி, மதகுப் படிக்கட்டில் ஆறு படிகள் வெளியே தெரிந்தன. நவரைப் பட்டத்து நெல் நட்டிருந்த ஏகாம்பரம் வேதகிரியின் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா வேதகிரி, உம் பொண்ணு எழுதுனது ஏரிய உறிஞ்சிக்கினு கீது. பயிரு காஞ்சா மதகு சாவி வேற ஆள் கைக்குப் போயிடும், சொல்லிட்டேன்."

"சரிங்க," என்றார் வேதகிரி. உள்ளே வந்து மகளிடம், "தண்ணியே குடிக்காத ஜந்து எதுவும் உனுக்குக் கெடைக்கலியா மா?" என்று கேட்டார்.

அவள் அத்தியாயத்தை நீக்கினாள். படித்தவர்கள் படித்தாகிவிட்டது, உவரன் போகவில்லை. உவரன் பறந்து போனதாக எழுதினாள். 'அதுக்கு றெக்கையே இல்லையே சிஸ்' என்று பின்னூட்டம் வந்தது. ஏரியில் அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கதையின் இளவரசி ஒரே வீச்சில் அதைக் கொன்றதாக எழுதினாள். 'முடிக்கணும்னு முடிச்சிட்டீங்க' என்றார்கள். ஒரு செதில்கூட உதிரவில்லை. படிப்பவர் நம்பாத எதுவும் ஏரியில் நடக்காது என்பது இதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. 'நல்லா எழுது மா' என்று வழியில் பார்ப்பவரெல்லாம் சொன்னார்கள்.

மூன்று நாள் விடுப்பு போட்டு அவள் கரையில் உட்கார்ந்தாள். உவரனின் நாக்கில் விரல் நுழையும் வெடிப்புகள் இருந்தன. வெடிப்புக்குள் உப்பு. ஒவ்வொரு மிடறுக்கும் கொஞ்சம் கரைந்தது. தொண்டை நனைவதற்கு முன்பே அடுத்த மிடறு. அதன் கண் மூடவே இல்லை.

நான்காம் நாள் எழுதினாள். போர் இல்லை, சாபம் இல்லை. ஒரு மிருகம் தண்ணீர் குடிக்கிறது, அவ்வளவுதான். உப்பு கரைவதை எழுதினாள். தண்ணீர் நெஞ்சில் இறங்குவதை, வயிறு குளிர்வதை, வாய் நீரில் கிடந்தும் விழுங்கத் தோன்றாமல் போவதை. இத்தனை நிதானமாக அவள் எதையும் எழுதியதில்லை. ஒரு மணி நேரம் கழித்து முதல் பின்னூட்டம் வந்தது. தஞ்சாவூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: 'எனக்கே தாகம் அடங்கிடுச்சு.'

வேதகிரி மதகிலிருந்து போன் செய்தார்.

"தலயத் தூக்கிடுச்சு மா."

"நெசமாவா நைனா?"

"கண்ண மூடிக்கினு நிக்குது. ரெண்டு படி தண்ணி மிச்சம் கீது. போதும்."

மலர்க்கொடி மூன்று நாளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள். மிச்சமிருந்த இரண்டு படி உயரத் தண்ணீரை வேதகிரி முறை வைத்து விட்டார். சித்திரையில் நவரை அறுத்தார்கள். ஏகாம்பரம் மதகு சாவியைப் பற்றி அதன்பின் பேசவில்லை.

மறுவருடம் ஏரி நிரம்பியதும் மீன் ஏலம் விட்டார்கள். உவரன் இன்னும் கண்மூடி நிற்கும் இடத்தில் வலை போடக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்ந்தது. ஏலம் எடுத்த தினகரன் ஒப்புக்கொண்டார். அதன் நிழலில் கெளுத்தி நன்றாகப் பெருகும் என்றார்.