பெல்ட் மூட்டை

"அந்த கெரன்ஸ்கி சுத்த மடையன்" என்றேன். போட்டித் தேர்வுக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்த என் மகள் யாழினி நிமிர்ந்து பார்த்தாள். முதல் உலகப் போருக்கு நடுவே ரஷ்யத் தற்காலிக அரசின் தலைவர் லுவோவ் விலகினாராம். அடுத்து கெரன்ஸ்கி வந்தாராம். போர் மட்டும் நிற்கவில்லையாம்.

"பதவி கெடச்சன்னிக்கே நிறுத்தித் தொலைக்கறதுதானே?"

"கூட்டாளி நாடுகளுக்கு வாக்குக் குடுத்திருந்தாங்கம்மா."

"வாக்காவது, மண்ணாவது."

என் எரிச்சல் எனக்கு. எங்கள் ஊர் மண்ணரையில், தைக்கத் துணி தரும் கம்பெனிகளிடம் கூலி உயர்வு கேட்டு, யூனிட் முதலாளிகள் நாங்களே தையல் யூனிட்டுகளை எல்லாம் மூடியிருந்தோம். எவரும் திருட்டுத்தனமாக ஓட்டக்கூடாதென்று மெஷின் பெல்ட்டுகளைக் கழற்றி, அவரவர் பெயரெழுதிய துணியைக் கட்டி, ஒரே மூட்டையாகச் சங்கத் தலைவர் ரத்தினசாமி வீட்டில் வைத்திருந்தோம். எல்லோரும் சம்மதிக்காமல் அதை அவிழ்ப்பதில்லை என்று முருகன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வேறு. என் டெய்லர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் சுடலை ஒருவன்தான். அவனும் போனால் என் யூனிட்டுக்கு நிரந்தரப் பூட்டுதான்.

அன்று சாயங்காலமே ரத்தினசாமி வந்தார். "என்னால முடியலீங்க அம்மிணி. நீங்க தலைமை எடுத்துக்குங்க."

உடனே சரி என்றேன். மூட்டை என் வீட்டுக்கு வரட்டும், முதல் வேலையாக அவிழ்த்துவிடலாம் என்று நினைப்பு. மூட்டை வந்தது. கூடவே சங்கமே வந்தது. எதிர்வீட்டில் யூனிட் வைத்திருக்கும் செல்லாத்தாள் தட்டில் கற்பூரம் ஏற்றி நீட்டினாள்.

"ரத்தினசாமியண்ணன் பாதியில அவுத்துருவாரோன்னு பயந்துட்டிருந்தேனுங்க. இனி நீங்க இருக்கறீங்க, நிம்மதி."

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, கையால் கற்பூரத்தை அணைத்தேன்.

மறுநாள் காலையில் சுடலை தோளில் பையோடு வந்தான்.

"பெல்ட்டு இங்கனதானக்கா இருக்கு? இன்னைக்கு ஓட்டுவமா?"

மூட்டையின் வாயில் என் பெயர்த் துணி பிதுங்கிக்கொண்டிருந்தது. எதிரே செல்லாத்தாள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இல்ல சுடலை. ஓட்ட முடியாது."

"அப்ப ஊருக்குப் போறேன்க்கா."

இரு என்று எந்த முகத்தோடு சொல்வது? போய்விட்டான்.

உள்ளே யாழினி என்னைக் கண்டதும் புத்தகத்தை மூடினாள்.

"மூடாத கண்ணு. அந்த ஆளுக்குக் கடைசியில என்னாச்சு?"

"நாட்ட உட்டே ஓடிட்டாரும்மா."

அவருக்கு ஓட இடம் இருந்திருக்கிறது. என் பெல்ட்டை உள்ளே தள்ளி, மூட்டையை இறுக்கிக் கட்டினேன்.